நான் வேண்டாம் என்று சொல்லவில்லை

“பேஷண்ட் ரெஃப்யூஸ்டு டிரஸ்ஸிங்.” புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டப் போனபோது நோயாளி மறுத்துவிட்டார் என்று அர்த்தம். என் பெயர் போட்ட கோப்பில் இப்படி எழுதி வைத்திருந்தார்கள். ஒரு தடவை அல்ல. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று பக்கம் நிறைய. அந்த நோயாளி நான்தான். நான் மறுக்கவில்லை.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. புண் வந்த இடம் அப்படிப்பட்டது. மகளிர் குழுக் கூட்டத்தில்கூட எழுந்து பேச வராதவள் நான். கீழ்வேளூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் எழுதாமல் விட்டால் அந்தக் கோப்பில் இருப்பதுதான் உண்மை என்று ஆகிவிடும். அதை நினைத்தால் கூச்சத்தைவிடக் கோபம் பெரிதாக வருகிறது.

தை மாதம், சம்பா அறுவடை நேரம். என் கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். அறுப்பு மிஷின் வயலிலிருந்து ஏறி வந்து வாய்க்கால் கரைச் சாலை முழுக்கச் சேற்றை அப்பியிருந்தது. வண்டி சறுக்கியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்குத் தொடை எலும்பு, இடுப்பில் வந்து சேருகிற இடத்தில் முறிந்துபோனது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அது இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும் என்றார்கள். அதனால் ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. காலை அசைக்காமல் மல்லாந்து கிடந்தேன். பிறகு எலும்புக்குள் கம்பி வைத்து ஆணி போட்டுச் சேர்த்தார்கள். அது நன்றாகவே முடிந்தது. ஆனால் அடுத்த நாள் துணி மாற்றிய நர்ஸ், “இங்க தோல் உரிஞ்சிருக்கே” என்றார். முதுகுத்தண்டு முடிகிற இடம். நாம் மல்லாந்து படுத்தால் மெத்தையில் அழுந்துகிற எலும்பு.

படுக்கைப் புண் என்றால் என்ன என்று டாக்டர் சொன்னார். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கிக்கொண்டே இருந்தால் அங்கே ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத சதை செத்துப்போகும். எனக்கு உடனே புரிந்தது. நெல் மூட்டை சில நாள் கிடந்த இடத்தில், மூட்டையை எடுத்துப் பார்த்தால் புல் வெளுத்துக் கிடக்கும். அதுபோலத்தான்.

“பயப்படாதீங்கம்மா, இப்ப ஒரு ரூவாக் காசு அளவுதான் இருக்கு. ஒழுங்கா பாத்துக்கிட்டா ஆறிடும். விட்டுட்டா ஆழமாப் போவும். உள்ள கம்பி வச்சிருக்கோம், சீழ் அது வரைக்கும் போயிட்டா கம்பியையே எடுக்க வேண்டி வரும். அப்புறம் நடக்குறது செரமம்” என்றார்.

சின்னப் புண், பெரிய புண் எல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டது. நடப்பேனா மாட்டேனா என்பது ஒன்றுதான் மனதில் நின்றது. நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற வேலை, உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது.

என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதி, என் கணவருக்கு வாயாலும் சொன்னார். காலையும் மாலையும் புண்ணை உப்புநீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரியில் பாட்டிலில் வருகிற சுத்தமான உப்புநீர். பிறகு மருந்து போட்ட துணியைப் பள்ளத்துக்குள் தொட்டாற்போல வைத்து, மேலே பஞ்சு வைத்து ஒட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் என்னைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புண்ணின் அளவு, நிறம், வாடை மூன்றையும் எழுத வேண்டும். “எழுதுனாத்தான் எனக்குத் தெரியும். நான் தெனமும் வந்து பாக்க முடியாதுல்ல” என்றார்.

வீட்டுக்குப் போக வழியில்லை. கக்கூஸ் வெளியே இருக்கிறது. மகள் திருப்பூரில் பிரசவித்து இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. மகன் சிங்கப்பூரில். அவன்தான் போனில் விசாரித்து, தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பிடித்தான். ஆபரேஷன் ஆனவர்களையும் வயதானவர்களையும் மாதக் கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். காற்று மெத்தை மட்டும் நாமே வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். வாங்கினோம். டாக்டர் எழுதிய தாளைக் கோப்பில் முதல் பக்கமாக வைத்து அங்கே கொடுத்தோம்.

பெண்கள் கூடத்தில் எனக்கு நடுவில் கட்டில். பக்கத்துக் கட்டிலில் கூத்தாநல்லூர் பாத்திமா அக்கா, முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆனவர். இரண்டு மகன்களும் மலேசியாவில் இருக்கிறார்கள். கூச்சம் என்றால் என்ன விலை என்று கேட்பார்.

“என்னா புள்ள, வந்ததுலேர்ந்து சுவத்தையே பாக்குற? சுவரு பேசுமா? நான் பேசுவேன், இங்க திரும்பு.”

“திரும்ப முடியாதுக்கா, அவங்கதான் திருப்பி வுடணும்.”

“அப்ப நான் சத்தமாப் பேசுறேன், நீ சுவத்தப் பாத்துக்கிட்டே கேளு.”

அன்று மாலை டிரஸ்ஸிங் தட்டோடு அங்கே நர்ஸாக இருந்த செல்வம் வந்தார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல மாதிரியான மனிதர். “அக்கா, பொரண்டு படுங்க, கட்டிடலாம்” என்றார். அது பார்வையாளர் நேரம். எதிர்க் கட்டிலைச் சுற்றி நான்கு ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மறைப்புக்கு வைக்கிற மடக்குத் தட்டி ஒன்றுதான் அந்த இல்லத்தில் உண்டு, அதுவும் முன்பக்கத் தனி அறையில் இருந்தது.

நான் மெதுவாகத்தான் சொன்னேன். “தம்பி, பொம்பளப் புள்ள யாராச்சும் இருந்தா அனுப்புறீங்களா? இல்லன்னா ஒரு மறைப்பாச்சும் வச்சிட்டுப் பண்ணுங்க.”

“கேட்டுட்டு வாரேங்க்கா” என்று போனார். இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் எழுதியதுதான் முதல் வரி. நோயாளி மறுத்துவிட்டார்.

நான் வேலை பார்க்கிற இடத்தைச் சொல்கிறேன். முட்டை சாப்பிடாத பிள்ளைகள் உண்டு. வீட்டில் அம்மை போட்டிருந்தாலும் பிள்ளை முட்டை வேண்டாம் என்று சொல்லும். அந்தப் பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறோம். பிள்ளை சாப்பாட்டை மறுத்துவிட்டது என்று எழுதிவிட்டு, பட்டினியாக வகுப்புக்கு அனுப்புவதில்லை.

அடுத்த நாளிலிருந்து ஆயா ஒருத்தி வந்து மேலே ஒட்டியிருந்த பஞ்சு நனைந்திருந்தால் எடுத்துவிட்டு வேறு ஒட்டுவாள். முதுகுக்குப் பின்னால் நடப்பது. ஒட்டு பிய்க்கிற வலி தெரியும், புதிதாக ஒட்டுகிற குளிர்ச்சி தெரியும். டிரஸ்ஸிங் இதுதான் என்று நினைத்தேன். உள்ளே வைத்த துணி ஆஸ்பத்திரியில் வைத்ததே அப்படியே கிடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நம் உடம்பில் நமக்குத் தெரியாத இடம் அது ஒன்றுதான். அதைப் பார்க்கத்தான் அவர்களுக்குக் காசு கொடுக்கிறோம்.

நாலைந்து நாள் போனதும் எனக்கே சந்தேகம் வந்தது. கழுவுகிற மாதிரித் தெரியவில்லையே என்று. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு செல்வத்தைக் கூப்பிட்டேன். “பரவால்ல தம்பி, நீங்களே பண்ணுங்க. ஆள் இல்லாத நேரமாப் பாத்து வாங்க, போதும்” என்றேன். அவர் தட்டை எடுக்கப் போனார். திரும்பி வரவில்லை. இன்சார்ஜ் சிஸ்டரின் குரல்தான் கூடம் வரைக்கும் கேட்டது.

“அவங்கதான் வேணாம்னுட்டாங்கல்ல, எழுதியாச்சுல்ல? நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவாங்க. நீ போயி முன்னாடி ரூமுக்கு யூரின் பேக் மாத்து.”

அதுதான் அந்த இல்லத்தின் வழக்கம் என்று பிறகு தெரிந்தது. ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர்கள் கட்டிலுக்கு வந்து பார்ப்பதில்லை. மேசையில் உட்கார்ந்து, மேல் வரியில் என்ன இருக்கிறதோ அதையே கீழே இறக்கி எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். நான் ஒரு சாயங்காலம் கேட்ட ஒரு கேள்வி, நான் தினமும் இரண்டு வேளை சொல்கிற பதிலாக மாறிவிட்டது. நான் தூங்கும்போதும் மறுத்திருக்கிறேன். சரி என்று சொன்ன நாளிலும் மறுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் வருவார். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, காவலுக்கு யாரையாவது வைத்துவிட்டு வருவார். சேற்று நகத்தோடு உட்கார்ந்து என் தலையில் சிக்கு எடுத்துப் பின்னிவிடுவார். மனிதருக்கு வைக்கோல் பிரி திரித்துத்தான் பழக்கம். என் முடியையும் அப்படியே முறுக்கினார்.

பாத்திமா அக்கா பார்த்துவிட்டு, “தம்பி, இதுல கன்னுக்குட்டியே கட்டலாம் போல இருக்கே” என்றார்.

“கட்டுனா நிக்குமுங்க” என்றார் அவர், சிரிக்காமல்.

நான் சிரித்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் குளிர் கண்டது. இரவெல்லாம் பல் அடித்துக்கொண்டது. காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் ஏன் வந்தது என்று யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் பாத்திமா அக்கா வழக்கமான சத்தம் இல்லாமல் பேசினார். “வசந்தா, கோவிச்சுக்காத. உன் பக்கத்துலேர்ந்து ஒரு வாடை வருது. ரெண்டு நாளா வருது. நான் கக்கூஸ்னு நெனச்சேன்.”

எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. விதைநெல் ஊறவைத்து மறந்துபோனால் கோணிக்குள்ளிருந்து ஒரு வாடை வரும். அது. என்னிடமிருந்துதான் வருகிறது என்று நம்ப மனம் ஒப்பவில்லை.

“அக்கா, நீங்க பாத்துச் சொல்றீங்களா?”

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒட்டை விலக்கினார். 

“எப்பிடிக்கா இருக்கு?”

“யா அல்லா... நான் சொல்ல மாட்டேன் புள்ள. போட்டோ புடிக்கிறேன், நீயே பாரு.”

வேண்டாம் என்றுதான் முதலில் வாயில் வந்தது. அந்த இடத்தைப் போனில் படம் பிடிப்பதா? போன் யார் யார் கைக்கோ போகுமே? ஆனால் பார்க்காமல் இருந்துதானே இந்த நிலைமை. “என் போன்ல புடிங்கக்கா” என்று கொடுத்தேன். அக்கா மகன்களோடு வீடியோவில் பேசிப் பேசி நல்ல தேர்ச்சி. கை நடுங்காமல் எடுத்தார்.

முதல்முறையாக என் புண்ணைப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசு அளவு என்று டாக்டர் சொன்ன இடத்தில் ஒரு கைப்பிடி உளுந்து கொள்ளும் பள்ளம். ஓரம் கறுத்து, நடுவில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பழைய துணி. என் உடம்பு என்றே தோன்றவில்லை.

என் கணவருக்குப் போன் போட்டு அழுதேன். அடித்துப் பிடித்து வந்தார். அவருக்குப் படத்தைக் காட்டினேன். இல்லத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கார் பிடித்தார். கோப்பை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்தபடி ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

டாக்டர் கோப்பைத்தான் முதலில் பிரித்தார். பக்கத்தைத் திருப்பத் திருப்ப முகம் மாறியது.

“என்னம்மா இது? தெனமும் வேணாம் வேணாம்னு சொல்லியிருக்கீங்க? அவ்வளவு தெளிவா எழுதிக் குடுத்தேன்ல? உங்க உடம்ப நீங்களே கெடுத்துக்கிட்டா நாங்க என்னதான் பண்றது?”

அறையில் இரண்டு நர்ஸ்கள், ஒரு பயிற்சி டாக்டர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.  இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அழுதால் தப்பை ஒத்துக்கொண்டது போலத்தானே ஆகிறது? என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் வசந்தா... ஏன் அப்பிடிச் சொன்ன?”

அந்தக் கேள்வி எனக்கு வலித்தது போலப் புண் வலிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் கூடவே இருந்தவர். தாளில் இருந்ததும் நம்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

மறுபடி சேர்த்தார்கள். மயக்கம் கொடுத்து, செத்துப்போன சதையை எல்லாம் வெட்டி எடுத்தார்கள். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று அதில் தெரியுமாம். சீழ் கம்பி வரை போயிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் குப்புறக் கிடந்தபோது தரையில் போகிற செருப்புகள் மட்டும்தான் தெரிந்தன. நடக்கிற ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு வரும் வரை என் கணவர் சாப்பிடவில்லை. போகவில்லை என்று முடிவு வந்தது. வராண்டாவில் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வார்டில் டிரஸ்ஸிங் செய்த நர்ஸ் முதலில் திரைச்சீலையை இழுத்து மூடினார். ஒரு நொடி வேலை அது. அவரிடம் கோப்பைக் கேட்டு வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். ரெஃப்யூஸ்டு என்றால் என்ன என்று அவர்தான் சொன்னார். “நீங்க மறுத்துட்டீங்கன்னு போட்டிருக்கு.”

“நான் மறுக்கல சிஸ்டர். பொம்பள ஆளு கேட்டேன். மறைப்பு கேட்டேன்.”

இதை முதன்முதலில் சத்தமாகச் சொன்னது அவரிடம்தான். என் கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் காலைப் பிடித்து அமுக்கிவிட ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது.

அந்த இல்லத்துக்குத் திரும்பப் போவதில்லை என்று முடிவு செய்தோம். ஊரில் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கக்கூஸ் கட்டிவிட்டார் அவர். ஆனால் காற்று மெத்தையும் துணிமணியும் அங்கே கிடந்தன, கணக்கும் முடிக்க வேண்டும். கோப்பு எங்களிடம் இருந்தது, கணக்கு முடிக்கும்போது அவர்கள் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருந்தது. காரிலேயே இருந்துகொள் என்றார் அவர். நான் வாக்கரை ஊன்றி இறங்கினேன்.

இன்சார்ஜ் சிஸ்டர் மேசையில் இருந்தார். “வாங்கம்மா, எப்பிடி இருக்கீங்க?” என்றார், ஒன்றும் நடக்காதது போல.

“நான் எப்ப சிஸ்டர் மறுத்தேன்?”

“அன்னிக்கு செல்வத்த வேணாம்னு சொன்னீங்கல்ல?”

“பொம்பள ஆளு இருந்தா அனுப்புங்கன்னேன். அதுக்கும் வேணாம்ங்கறதுக்கும் வித்தியாசம் இல்லையா?”

“ஒவ்வொருத்தவங்களுக்கும் ஒரு பொம்பள நர்ஸுக்கு நான் எங்கம்மா போவேன்? இருக்குறது எத்தன பேருன்னு பாத்தீங்கல்ல?”

“இல்லன்னா ஆளு இல்லன்னு எழுதுங்க. ஏன் நான் மறுத்தேன்னு எழுதுனீங்க?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஆளு இல்லன்னு எழுதுனா நாளைக்கு நான் இந்த நாற்காலில இருக்க முடியாதும்மா.”

அவர் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவர் நாற்காலிக்காக நான் கட்டிலில் அழுகிக் கிடந்திருக்கிறேன். ஆள் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதைப் பார்த்த டாக்டர் அவர்களைத் திட்டியிருப்பார். என் வீட்டுக்காரர் என்னை ஊருக்குத் தூக்கிப் போயிருப்பார். மறுத்தேன் என்று எழுதியதும் எல்லா வாசலும் அடைத்துக்கொண்டது.

அப்போது செல்வம் தட்டோடு அந்தப் பக்கம் வந்தார். நின்றார். “அக்கா அப்பறம் என்னயே பண்ணச் சொன்னாங்க சிஸ்டர். நான் வந்து சொன்னேன்ல?” என்றார். சிஸ்டர் அவரை முறைத்தார். கூடத்துக்குள்ளிருந்து பாத்திமா அக்காவின் குரல் வந்தது. “நானும் கேட்டேன்! சாட்சிக்கு வரணுமா? வாக்கர எடுத்துக்கிட்டு வரட்டுமா?”

நான் கோப்பைப் பிரித்து, கடைசி வரிக்குக் கீழே பேனாவை வைத்தேன்.

“ஏம்மா, அதுல நீங்கள்லாம் எழுதக் கூடாது.”

“என் முதுகப் பத்தி, பாக்காமயே நீங்க எழுதுனீங்க சிஸ்டர். என்னையப் பத்தி நான் எழுதக் கூடாதா?”

 தமிழில்தான் எழுதினேன். “நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் ஆள் அல்லது மறைப்பு கேட்டேன். இரண்டும் தரவில்லை. பிறகு யார் கட்டினாலும் சரி என்றேன். யாரும் வரவில்லை.” கையெழுத்துப் போட்டேன். செல்வத்திடம் நீட்டினேன். சிஸ்டரை ஒருமுறை பார்த்துவிட்டு அவரும் போட்டார். பிறகுதான் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தேன்.

வீட்டில் என் கணவரே கட்டினார். ஆஸ்பத்திரி நர்ஸ் அவருக்குச் செய்து காட்டி அனுப்பியிருந்தார். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அன்றன்றைக்கு எழுதி வைத்தார். சிவப்பாக இருக்கிறது, வாடை இல்லை, ஓரம் சுருங்கியிருக்கிறது, இப்படி.

பங்குனியில் மறுபடி டாக்டரிடம் போனோம். வாக்கர் இல்லை, கம்பு மட்டும். டாக்டர் காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் நிறுத்தி வாய்விட்டுப் படித்தார். “இன்று காலை கட்டவில்லை. உளுந்து பிடுங்க ஆள் வந்துவிட்டார்கள், வயலுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் கட்டினேன்.” சிரித்துவிட்டார். என் கணவர் தலையைச் சொறிந்தார்.

பிறகு டாக்டர் பழைய கோப்பைத் திருப்பினார். நான் எழுதிய இடம் வந்தது. இந்த முறை வாய்விட்டுப் படிக்கவில்லை. இரண்டு தடவை படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

“அன்னிக்கே ஏம்மா இத என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே டாக்டர்.”

 அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பி, “சிஸ்டர், ஸ்கிரீன இழுத்து வுட்டுட்டு வாங்க, பாக்கணும்” என்றார்.